துருவேறிய கமான் போல்ட்டுகளுக்கு இன்டக்‌ஷன் ஹீட்டர்: எங்கே உதவும், எங்கே உதவாது

நெருப்பில்லாமல் மின்சாரத்தால் நட்டையும் போல்ட்டையும் சூடேற்றித் துருவின் பிடியைத் தளர்த்தும், கையில் பிடித்து வேலை செய்யும் 1000 வாட் இன்டக்‌ஷன் போல்ட் ஹீட்டர் ஒன்றை எங்கள் பட்டறைக்கு வாங்கினோம். தூத்துக்குடி உப்பளங்களில் நெடுங்காலம் ஓடிய ஒரு பழைய பொலேரோ பிக்கப்பின் பின்பக்கக் கமான் (வண்டியின் பாரத்தைத் தாங்கும் பட்டை ஸ்பிரிங் அடுக்கு) முழுவதையும் கழற்றும் வேலையில் அதைப் பயன்படுத்திப் பார்த்தோம். எப்படிப்பட்ட துருவையும் சில நொடிகளில் வென்றுவிடும் என்பதுபோல் இந்த வகைக் கருவியை விற்பவர்கள் பேசுகிறார்கள். அந்தப் பேச்சில் பாதிதான் உண்மை. வண்டியிலேயே தங்க வேண்டிய பாகத்தைச் சேதமில்லாமல் காப்பாற்றுவதற்கு, எனக்குத் தெரிந்து, சிறு பட்டறைக்கு இதைவிட நல்ல கருவி இல்லை. பழைய இரும்புக் கடைக்குப் போகப்போகிற பாகத்தின் மேல் இதைப் பிடித்துக்கொண்டு நிற்பதோ வீண் வேலை. அதற்கு கிரைண்டர் போதும். இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டு வாங்குகிறவருக்குக் கருவி ஏமாற்றம் தராது. ஒரே அமைப்பு பல பெயர்களில் விற்கப்படுவதால், கருவியின் பெயரை விட்டுவிட்டு அதன் வகையைப் பற்றியே எழுதுகிறேன்.

வண்டியின் நிலையை முதலில் சொல்ல வேண்டும். வேப்பலோடை, தருவைக்குளம், முள்ளக்காடு, ஆறுமுகநேரி என்று இந்தக் கரையோரம் நெடுக உப்பளங்கள் இருக்கின்றன. அங்கே ஓடும் வண்டிகளுக்குத் துரு இரண்டு வழிகளில் வருகிறது. கடற்காற்றில் கலந்த உப்பு எல்லா வண்டிகளையும் தொடுகிறது. ஈரம் வடியாத உப்பு மூட்டைகளிலிருந்து சொட்டும் நீர், சுமை ஏற்றும் தொட்டியின் பலகை இடுக்கு வழியாக இறங்கிச் சேஸிஸின் பின்பகுதியில் படிவது அதைவிடக் கொடியது. கமானின் பின்முனையைச் சேஸிஸோடு அசையும்படி இணைக்கும் ஷாக்கிள், அதைத் தாங்கும் பிராக்கெட், ஷாக் அப்சார்பரின் மேல்முனை ஆகிய எல்லாம் அந்த நீர் வடியும் பாதையில்தான் இருக்கின்றன. மீன் ஏற்றும் வண்டிகளிலும் பனிக்கட்டி உருகி வடியும் உப்புநீரால் இதே இடங்கள்தான் முதலில் அழிகின்றன. உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால், மழை பெய்யாத மாதங்களிலும் இரும்பின் மேல் ஓர் ஈரப்படலம் இருந்துகொண்டே இருக்கும். ஆகவே, வெளித்தோற்றத்தில் வண்ணம் நன்றாக இருக்கும் வண்டியிலும் கமான் போல்ட்டு உள்ளே இறுகிப்போயிருக்கலாம்.

போல்ட்டு ஏன் இறுகுகிறது என்பது தெரிந்தால்தான் சூடு எங்கே தேவை என்பது விளங்கும். துருவாக மாறும் இரும்பு, தான் முன்பு இருந்த இடத்தைப் போல 2 முதல் 6 மடங்கு வரை இடத்தை அடைத்துக்கொள்கிறது. நட்டின் மரைக்கும் போல்ட்டின் மரைக்கும் இடையே இருக்கும் நூலளவு இடைவெளியில் இந்த வீக்கம் நிகழும்போது, இரண்டும் ஒன்றையொன்று நெருக்கிப் பூட்டிக்கொள்கின்றன. நீண்ட குழாயை ஸ்பானரில் மாட்டித் திருகினால், அந்தப் பூட்டு திறப்பதற்கு முன்பே போல்ட்டின் கழுத்து முறிந்துவிடும். நட்டை மட்டும் சூடேற்றும்போது அது விரிகிறது. 14 மி.மீ. அளவுள்ள எஃகு நட்டு 300 டிகிரி செல்சியஸ் வெப்பம் கூடினால் அதன் துளை ஏறத்தாழ 0.05 மி.மீ. அகலமாகும். கேட்பதற்குச் சிறியதாக இருக்கும் இந்த அளவு, மரைக்கிடையே உள்ள துருவின் பிடியை நொறுக்குவதற்குப் போதுமானது. நட்டு சூடாகவும் போல்ட்டு அதைவிடக் குளிர்ச்சியாகவும் இருக்கும் அந்தச் சில நொடிகளே நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு. சூடு போல்ட்டுக்குள்ளும் பரவிவிட்டால் இரண்டும் சேர்ந்தே விரியும், பயன் குறைந்துவிடும்.

கேஸ் டார்ச்சுக்கும் இன்டக்‌ஷன் ஹீட்டருக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் தொடங்குகிறது. கருவியின் முனையில் உள்ள செம்புச் சுருளுக்குள் நொடிக்குப் பல்லாயிரம் முறை திசை மாறும் மின்சாரம் ஓடுகிறது. சுருளுக்குள் இருக்கும் எஃகு நட்டில் அது சுழல் மின்னோட்டத்தை உண்டாக்க, நட்டு தனக்குள்ளேயே சூடாகிறது. தீச்சுவாலை கிடையாது. சுருளுக்கு வெளியே இருக்கும் ரப்பர், வயர், பிரேக் ஹோஸ் ஆகியவற்றை நேரடியாகச் சுடுவதும் கிடையாது. அசிட்டிலீன் டார்ச்சின் வெப்பம் இதைவிடப் பல மடங்கு வலியது என்பதையும், பெரிய லாரியின் கமானில் உள்ள தடித்த ஆணிக்கு (பின்) இந்த 1000 வாட் கருவி ஈடாகாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் பிக்கப்பின் பின்பகுதியில் டார்ச்சைப் பிடிக்கும்போது அருகில் டீசல் டேங்கும், பின் பிரேக்குக்குப் போகும் ரப்பர் ஹோஸும், விளக்கு வயர்களும் இருக்கும். அவற்றோடு கமான் பட்டைகளும் இருக்கும்.

கமான் பட்டையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல பட்டறைகளில் இதைக் கவனிப்பதில்லை. ஸ்பிரிங் எஃகு தன் இழுவையையும் வளைந்து மீளும் தன்மையையும் தொழிற்சாலையில் கணக்காகச் செய்த வெப்பப் பதத்திலிருந்து பெறுகிறது. அந்தப் பதத்தைத் தாண்டி அதை டார்ச்சால் சிவக்கச் சிவக்கச் சுட்டால், சுட்ட இடத்தில் பட்டை மென்மையாகும், அல்லது தண்ணீர் பட்டுத் திடீரென்று குளிர்ந்தால் நொறுங்கும் தன்மை பெறும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. பிறகு ஒருநாள் சுமையோடு போகும்போது மெயின் பட்டை அதன் கண்ணருகே (போல்ட்டு நுழையும் முனை வளையம்) முறியும். பழைய பட்டைகளையே மறுபடியும் பூட்டப்போகிற வண்டியில், கண் துளையைச் சுற்றி டார்ச் பிடிப்பதை நான் ஏற்கமாட்டேன். இன்டக்‌ஷன் ஹீட்டர் வாங்க எங்களைத் தூண்டிய முதல் காரணம் இதுவே.

வேலையில் கருவி தன் மதிப்பை நன்றாகக் காட்டிய இடம் ஷாக் அப்சார்பரின் கீழ்முனை. ஷாக் அப்சார்பர் புதிதாகப் போடப்போகிறோம்; ஆனால் அது மாட்டியிருக்கும் மரையுள்ள முளை (ஸ்டட்), ஆக்ஸிலோடு இணைந்த தட்டில் நிலையாக இருக்கிறது. அதன் மரை போய்விட்டாலோ முளையே முறிந்துவிட்டாலோ, வெல்டிங், லேத்து என்று வேலை வேறெங்கோ போய்விடும். வெளியே நீட்டிக்கொண்டிருந்த மரையைக் கம்பிப் பிரஷ்ஷால் பளபளப்பாகத் தேய்த்துச் சுத்தம் செய்த பிறகு, நட்டைச் சுற்றிச் சுருளை மாட்டி அரை நிமிடத்துக்கும் குறைவாகப் பிடித்தோம். நட்டு மங்கலாகச் சிவக்கத் தொடங்கியதும் சுருளை விலக்கிவிட்டு, ஆறு முனை சாக்கெட்டால் முதலில் இறுக்கும் திசையில் மெல்லத் தள்ளி, பிறகு கழற்றும் திசையில் திருப்பியபோது அது வந்துவிட்டது. மரையில் ஒரு கீறல்கூட இல்லை. சுத்தம் செய்யாமல் இதைச் செய்திருந்தால், நட்டு தளர்ந்த பிறகும் வெளிமரையில் திரண்டிருந்த துருவின் மேல் ஏறிச் சிக்கி, மரையை வழித்துக்கொண்டு வந்திருக்கும். கருவியோடு வரும் விளக்கத்தாளில் இந்தப் பிரஷ் வேலையைப் பற்றி ஒரு வரியும் இல்லாதது பெரிய குறை.

நட்டு கழன்ற பின், ஷாக் அப்சார்பரின் உள்வளையம் முளையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அங்கே ஹீட்டரைப் பயன்படுத்தவில்லை. அந்த வளையத்தைச் சுற்றி ரப்பர் இருக்கிறது. சூடேற்றினால் புகையும் பிசுக்கும்தான் மிஞ்சும். மேலும் ஷாக் அப்சார்பர் என்பது எண்ணெயையும், பல வகைகளில் அழுத்தமூட்டிய வாயுவையும் உள்ளே அடைத்து மூடிய குழாய். அதன் உடலை எந்த வகையிலும் சூடேற்றக் கூடாது, அது வெடிக்கக்கூடும். ரப்பரைக் கத்தியால் அறுத்து எடுத்துவிட்டு, வளையத்தின் நீளவாக்கில் கிரைண்டரால் ஒரு கோடு வெட்டி, உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டினால் வளையம் விரிந்து கழன்றுவிடும்.

ஆக்ஸில் மேலேறிச் சேஸிஸில் மோதாமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரைத் தாங்கும் போல்ட்டுகளிலும், சேஸிஸில் வெல்டு செய்யப்பட்ட நட்டுகளில் ஏறும் போல்ட்டுகளிலும் கருவி பாராட்டும்படியாகவே வேலை செய்தது. ஆனால் முறை சற்று வேறு. நட்டு சேஸிஸுக்கு உள்ளே ஒளிந்திருப்பதால் அதைச் சுருளால் சுற்ற முடியாது. போல்ட்டின் தலையைத்தான் சூடேற்ற முடியும். அப்படிச் சூடேறிய போல்ட்டு விரிந்து நட்டை இன்னும் நெருக்கும். உடனே திருகினால் முறியும். பொறுமையாக ஆறவிட வேண்டும். ஆறும்போது போல்ட்டு சுருங்கி, நெருக்கத்தில் நொறுங்கிய துருவிலிருந்து விலகி நிற்கும். இன்னும் கைபொறுக்காத சூடு இருக்கும்போதே மெழுகுவர்த்தியின் முனையை மரை தொடங்கும் இடத்தில் வைத்தால், மெழுகு உருகி இடுக்குக்குள் தானாகவே இழுக்கப்படும். முழுவதும் ஆறிய பின் திருகினால் பல போல்ட்டுகள் அமைதியாக வந்தன. வராதவற்றுக்கு இதே சுற்றை மறுபடியும் செய்தோம். ஊடுருவும் எண்ணெயை முந்தின நாளே தெளித்து ஊறவிடுவது நல்லதே. ஆனால் சூடேற்றும் நேரத்தில் அந்த எண்ணெய் மேற்பரப்பில் ஈரமாக இருக்கக் கூடாது. துணியால் துடைத்துவிட்டுத்தான் சுருளைக் கொண்டுபோக வேண்டும். நெருப்பில்லாக் கருவி என்பதற்காக எண்ணெய் பற்றிக்கொள்ளாது என்று எண்ணுவது தவறு. சிவந்த இரும்பு எதையும் பற்றவைக்கும்.

யூ போல்ட்டுகளுக்கு வருவோம். ஆக்ஸிலையும் கமானையும் சேர்த்துக் கட்டும் நான்கு யூ போல்ட்டுகளின் நட்டுகளும் இந்த வண்டியில் உருவமே தெரியாமல் துரு மூடிக் கிடந்தன. ஹீட்டரால் அவற்றில் ஒரு நட்டைக் கழற்றிப் பார்த்தோம், கழன்றது. ஆனால் அதில் ஒரு பொருளும் இல்லை. முறுக்கி நீண்ட யூ போல்ட்டை மறுபடி போடக் கூடாது என்பது கமான் வேலையின் அடிப்படை விதி. சிவக்கச் சுட்ட நட்டும் போல்ட்டும் தம் வலிமையை இழந்திருக்கும் என்பதால், சுட்ட எதையும் மறுபடி பூட்டவும் கூடாது. எப்படியும் புதிதாக வாங்கப்போகும் பொருளை, 1 மி.மீ. கட்டிங் வீல் பூட்டிய கிரைண்டர் எளிதாக அறுத்துத் தள்ளிவிடும். மற்றவற்றை அப்படித்தான் எடுத்தோம். தீப்பொறி டீசல் டேங்கின் பக்கம் போகாதபடி நனைத்த சாக்கைத் தொங்கவிட வேண்டும், பிரேக் ஹோஸைத் தகரத்தால் மறைக்க வேண்டும். அறுப்பதற்கு முன் சேஸிஸை ஜாக்கி ஸ்டாண்டின் மேலும், ஆக்ஸிலைத் தனி ஜாக்கியின் மேலும் நிறுத்தி, கமானில் சுமையும் இழுவையும் இல்லாத நிலைக்குக் கொண்டுவர வேண்டும். கட்டு விடும்போது கமான் எந்தப் பக்கம் துள்ளும் என்பதை முன்கூட்டியே பார்த்து, அந்தப் பக்கம் யாரும் நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கருவி தோற்றுப்போன இடம் கமானின் கண் போல்ட்டு. இந்த வகைக் கருவியை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இதற்காகவே வாங்குகிறார்கள் என்பதால் இதை விரிவாகச் சொல்கிறேன். கண்ணுக்குள் ரப்பர் புஷ் இருக்கிறது. அதன் நடுவே மெல்லிய எஃகுக் குழாய் ஒன்று இருக்கிறது. அந்தக் குழாய்க்குள்தான் போல்ட்டு போகிறது. துருப்பிடிப்பது நட்டில் அல்ல; போல்ட்டின் உடலுக்கும் இந்தக் குழாய்க்கும் இடையே, முழு நீளத்துக்கும். நட்டு எளிதாகக் கழன்றுவிடும். பிறகு போல்ட்டைத் திருப்பினால், அதோடு ஒட்டிய குழாயும் சேர்ந்து திரும்பும். ரப்பர் முறுக்கிக்கொண்டு மறுபடி பழைய இடத்துக்கே திருப்பிவிடும். கழன்று வருவதுபோல் தோன்றும், வராது. சம்மட்டியால் அடித்தால் அடியின் வலுவையெல்லாம் ரப்பர் வாங்கிக்கொள்ளும், அல்லது பிராக்கெட்டின் காது வளையும்.

ஹீட்டரின் சுருள் இங்கே எதையும் சரியாகச் சுற்ற முடியாது. போல்ட்டின் தலையைச் சூடேற்றினால், சூடு உடல் வழியாக மெல்லப் பரவி, விரிய வேண்டிய குழாயை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் போல்ட்டையே விரிக்கிறது. வெகுநேரம் பிடித்தால் ரப்பர் உருகிப் புகைகிறது. அந்தப் புகையைச் சுவாசிப்பது நல்லதல்ல. ரப்பர் முழுவதும் எரிந்த பின்னும் குழாய் போல்ட்டைவிட்டு நீங்கவில்லை. பிராக்கெட்டின் காதுக்கும் கமானின் கண்ணுக்கும் இடையே உள்ள குறுகிய இடைவெளியில், நீண்ட இரும்பு அறுக்கும் பிளேடு பூட்டிய சேபர் ரம்பத்தை (பிளேடு முன்னும் பின்னும் ஓடும் மின்ரம்பம்) செலுத்தி இரு பக்கமும் போல்ட்டை அறுப்பதே சரியான வழி. கிரைண்டரின் வீல் அந்த இடுக்கில் பல வண்டிகளில் நுழையாது. நுழைந்தாலும் பிராக்கெட்டில் வெட்டு விழும். அறுத்த பின் கமான் கீழே வந்துவிடும். புஷ்ஷின் மிச்சத்தைப் பிரஸ்ஸில் வைத்துத் தள்ளலாம். பிரஸ் இல்லாத இடத்தில், நீண்ட மரைக்கம்பியில் ஒரு பக்கம் பெரிய சாக்கெட்டையும் மறுபக்கம் சிறிய சாக்கெட்டையும் மாட்டி, நட்டை இறுக்கிக்கொண்டே போனால் புஷ் பெரிய சாக்கெட்டுக்குள் இறங்கிவிடும். கண் போல்ட்டுக்காக மட்டும் இன்டக்‌ஷன் ஹீட்டர் வாங்க நினைப்பவர் அந்தப் பணத்தை ஒரு நல்ல சேபர் ரம்பத்துக்கும் தரமான பிளேடுகளுக்கும் செலவிடட்டும்.

கருவியைப் பற்றிய பொதுவான செய்திகளையும் சொல்லிவிடுகிறேன். 230 வோல்ட்டில் ஏறத்தாழ 4.3 ஆம்பியர் எடுக்கிறது. சாதாரண பிளக்கே போதும். மின்னழுத்தம் தாழும் மாலை நேரங்களில் சூடேறும் வேகம் கண்கூடாகக் குறைந்தது. கைப்பிடி கனமில்லை; ஆனால் சுருளும் பிடியும் ஒரே நேர்கோட்டில் நீள்வதால், ஆக்ஸிலுக்கு மேல் கையை விட்டுப் பிடிக்க வேண்டிய இடங்களில் சிரமமாக இருக்கிறது. வளைத்துச் சுற்றிக்கொள்ளும் நீளச் சுருள் இந்தப் பெட்டியில் இருந்ததால் சமாளித்தோம். நிழலில் வைத்து வேலை செய்வது நல்லது. இரும்பின் மங்கலான சிவப்பு நம் ஊர் வெயிலில் தெரியவே தெரியாது. இன்னும் சூடேறவில்லை என்று நினைத்து இன்னும் சூடேற்றிக்கொண்டே இருப்போம். சுமார் 770 டிகிரியில் இரும்பு தன் காந்தத்தன்மையை இழப்பதால் அதற்கு மேல் சூடேறும் வேகம் குறையும். நம் வேலைக்கு அவ்வளவு வெப்பம் தேவையும் இல்லை.

இதய பேஸ்மேக்கர் வைத்திருப்பவர் இந்தக் கருவியைத் தொடவோ, அது ஓடும்போது அருகில் நிற்கவோ கூடாது. மோதிரம், இரும்புக் காப்பு, உலோகக் கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும். சுருளின் அருகே சென்றால் அவையும் சூடாகும். ஏபிஎஸ் சென்சார் உள்ள புதிய வண்டிகளில் சென்சாரையும் அதன் வயரையும் கழற்றித் தள்ளி வைக்க வேண்டும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரைத் தெளித்த இடத்தை ஒருபோதும் சூடேற்றக் கூடாது; அதிலிருந்து உயிருக்கு ஆபத்தான நச்சு வாயு உண்டாகும். வெள்ளி போலப் பளபளக்கும் துத்தநாகப் பூச்சுள்ள போல்ட்டைச் சூடேற்றும்போது எழும் புகையும் கெடுதல் என்பதால், காற்றோட்டமான இடத்தில், முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு செய்ய வேண்டும்.

கழற்றிய சிரமம் அடுத்த முறை வராமல் இருப்பதற்குப் பூட்டும்போதுதான் வழி செய்ய முடியும். புதிய கண் போல்ட்டின் உடலில் துருவால் ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும், செம்பு கலந்த ஆன்டிசீஸ் பசையை மெல்லிதாகப் பூசினோம். ரப்பரின் மேல் சாதாரண கிரீஸ் படாமல் பார்த்துக்கொண்டோம், ஏனென்றால் பெட்ரோலிய கிரீஸ் ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும். கண் போல்ட்டுகளையும் ஷாக்கிள் போல்ட்டுகளையும் வண்டி அந்தரத்தில் இருக்கும்போது முழுமையாக இறுக்காமல், சக்கரங்கள் தரையில் நின்று வண்டியின் பாரம் கமானில் இறங்கிய பிறகே இறுதியாக இறுக்கினோம். அந்தரத்தில் இறுக்கினால், வண்டி இறங்கியவுடன் ரப்பர் புஷ் நிரந்தரமாக முறுக்கிய நிலையில் நின்று சீக்கிரம் கிழியும். யூ போல்ட்டு நட்டுகளைச் சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் மறுபடி இறுக்கும்படி வண்டிக்காரரிடம் சொல்லி அனுப்பினோம். உப்பு ஏற்றி வந்த வண்டியின் அடிப்பாகத்தை அன்றன்றே நல்ல தண்ணீரால் கழுவச் சொன்னோம். தொட்டிப் பலகைக்குக் கீழே தார்ப்பாய் விரித்து, வடியும் நீரைப் பின்பக்கமாக வெளியே விடும்படியும் சொன்னோம்.

விலை இருபதாயிரம் ரூபாயை ஒட்டி வந்தது. மாதத்துக்கு ஒரு கமான் வேலைகூட வராத இடத்துக்கு இது கூடுதல் செலவு. கடலோரத்தில், வாரந்தோறும் இப்படிப்பட்ட வண்டிகள் வரும் பட்டறைக்கு, முறிந்த முளைகளுக்காக லேத்துக்கு நடக்கும் செலவிலேயே இது தன்னை மீட்டுக்கொள்ளும். ஆனால் வாங்குவதற்கு முன் சுருள்களைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். சுருளின் மேல் உள்ள வெப்பம் தாங்கும் உறை, சிவந்த நட்டின் மேல் படப்படக் கருகி உதிர்கிறது; உறை போன சுருள் நட்டைத் தொட்டால் கருவியே பழுதாகும். தொடர்ந்து இரண்டு நிமிடத்துக்கு மேல் ஓட்டாமல் இடையிடையே ஆறவிட்டாலும், சுருள் தேய்ந்து தீரும் பொருள்தான். எங்கள் பெட்டியில் வந்தவற்றில் நட்டுகளுக்கு அதிகம் பயன்படும் நடு அளவுச் சுருளே முதலில் கருகியது. தனிச் சுருள்கள் எல்லா விற்பனையாளரிடமும் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் முனை வேறாக இருந்து பொருந்தாமல் போகலாம். கருவியை வாங்கும்போதே, அதே விற்பனையாளரிடம் நடு அளவுச் சுருள்கள் இரண்டைக் கூடுதலாக வாங்கி, கடையிலேயே மாட்டிப் பார்த்துவிடுங்கள்.